குறை பழக்கத்தில் இல்லை

நம் வாழ்க்கை அவசரமாகிவிட்டது. காரணம் நம் மனசு. திருத்தும் வழியும் நம் கையில்தான் இருக்கிறது. இந்தப் பேச்சைக் கேட்காதவர் இன்று தமிழ்நாட்டில் யாரும் இருக்க முடியாது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் இதைத்தான் சொல்கிறார். ஐடி கம்பெனிக்கு வரும் பயிற்சியாளரும் இதைத்தான் சொல்கிறார். சர்க்கரை கூடிவிட்டதென்று போனால் டாக்டரும் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே இதைத்தான் சொல்கிறார். வார இதழின் இணைப்பிலும் கைப்பேசியில் வந்து விழும் அரை நிமிட வீடியோவிலும் இதே பேச்சுத்தான்.

அந்தக் கருத்தை அதைச் சொல்பவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதிவிடுகிறேன். ஏழைக்கும் பணக்காரருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான். அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் யாருடைய தொந்தரவும் இல்லாத ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் நடக்கலாம், மூச்சைக் கவனிக்கலாம், நேற்றைய நாளை அசைபோடலாம். பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. நிறையத் தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, மென்று தின்பது, இரவில் போனைத் தள்ளிவைப்பது என்று சின்னச் சின்னப் பழக்கங்கள் போதும். முன்னோர் அப்படித்தான் நிதானமாக வாழ்ந்தார்கள். உலகம் மாறட்டும் என்று காத்திராமல் உன்னை நீ மாற்றிக்கொள்.

இதில் சொல்லப்படும் எந்தச் செயலையும் நான் மறுக்கவில்லை. நடப்பது நல்லது. தூக்கம் நல்லது. தினமும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து யோசிப்பது மிக நல்லது. நான் மறுப்பது இந்தச் செயல்களுக்கு அடியில் ஓடும் கணக்கை. நிதானம் ஒரு மனப்பழக்கம் என்றும், அது வாய்க்காதவரிடம் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்றும் சொல்லும் கணக்கு அது. நிதானம் என்பது தன் பொழுதின் மேல் ஒருவருக்கு இருக்கும் அதிகாரம். சிலரிடம் அது இருக்கிறது, பலரிடம் இல்லை. இல்லாதவரிடம் போய்ப் பழக்கத்தை மாற்று என்று சொன்னால், பறிக்கப்பட்ட பொழுதுக்கான பழியையும் அவர் தலையிலேயே ஏற்றுகிறோம்.

1. எல்லோருக்கும் 24 மணி நேரம்தான் என்பது உண்மையா?

கடிகாரத்தில் உண்மை. வீட்டுக்குள் வந்தால் பொய். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிக் கை வைப்பவர்களே நூற்றுக்கு 27 பேர்தான். பெண்களில் நூற்றுக்கு 81 பேர்.

இதே கணக்கெடுப்பு 2019-இல் எடுக்கப்பட்டபோது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து ஆண்டுகளில் இரண்டும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன. ஆனால் இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். அன்று 202 நிமிடம், இன்று 201 நிமிடம். இந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை லட்சம் தன்முன்னேற்ற வீடியோக்கள் பார்க்கப்பட்டிருக்கும்! வீட்டுக்குள் பொழுது பங்கிடப்படும் முறை ஒரே ஒரு நிமிடம்தான் அசைந்திருக்கிறது.

201 நிமிடம் என்றால் மூன்று மணி இருபத்தொரு நிமிடம். காலை நடை, மூச்சுப் பயிற்சி, நாட்குறிப்பு, நிதானமான காபி என்று பயிற்சியாளர் சொல்லும் அத்தனையும் இதற்குள் அடங்கிவிடும். நடந்துவிட்டு வந்து மேசையில் ஆவி பறக்கும் இட்லியைப் பார்ப்பவரின் நிதானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடுப்படியில் நிற்பவரின் பொழுதிலிருந்து வந்தது என்பதுதான் பதில்.

2. அதிகாலையில் எழுவதுதான் வாழ்க்கையை மாற்றும் என்றால், இத்தனை நாளில் யாருடைய வாழ்க்கை மாறியிருக்க வேண்டும்?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்கள் விடியுமுன் தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர் நள்ளிரவில் தொடங்கிவிடுகிறார். தெருப் பெருக்குபவர், பால் பாக்கெட் போடுபவர், டீக்கடையில் பாய்லருக்கு நெருப்பு மூட்டுபவர் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக அந்த நேரத்தில் எழுந்தவர்கள். யாரும் அவர்களை வெற்றியாளர் என்று மேடையேற்றியதில்லை. எழும் நேரத்தில் என்ன இருக்கிறது? எழுந்த பிறகு கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உடலுக்குள் ஓடும் கடிகாரமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. அதை இயக்கும் மரபணுக்களின் வேலையைக் கண்டறிந்ததற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. ஒருவர் சீக்கிரம் எழுபவரா, தாமதமாக எழுபவரா என்பதில் பிறப்புக்கும் வயதுக்கும் பெரும் பங்கு உண்டு. பதின்ம வயதில் தூக்கம் இயல்பாகவே பின்னால் தள்ளிப்போகிறது. அதனால்தான் கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் வகுப்பைத் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளை ஐந்து மணிக்கு ஸ்டடிக்கு எழுப்பி, அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்கிறோம்.

3. நல்ல பழக்கம் மன உறுதியால் வருகிறதா?

ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர் குடிப்பது. காசு வேண்டாம், இடம் வேண்டாம், மன உறுதிகூட அவ்வளவாக வேண்டாம். பாட்டிலைத் திறந்து குடித்தால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

பெரிய ஜவுளிக் கடைகளில் புடவை எடுத்துக் காட்டும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலர் பகலெல்லாம் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை கேட்டால் முகம் மாறும். கழிப்பறை இருப்பதோ நாலாவது மாடியில். அதனால் சிறுநீர்த் தொற்று. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதால் காலில் நரம்பு சுருண்டு வலி. இவர்களிடம் போய் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கப் பழகுங்கள் என்று சொல்பவர் எந்த உலகத்தில் இருந்து பேசுகிறார்?

இந்தப் பழக்கத்தை எது மாற்றத் தொடங்கியது என்பதும் நமக்குத் தெரியும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் அதைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை நேரம் முழுக்க நின்றே தீர வேண்டிய நிலை வராதபடி ஒவ்வொரு கடையிலும் உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. உட்கார்வதற்கு ஒரு சட்டம்! 2021-ஆம் ஆண்டில்! பல கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. அதில் உட்காரும் துணிச்சல் இன்னும் வரவில்லை என்பதை நானே பார்க்கிறேன். ஆனாலும் ஒரு பெண் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம் என்ற நிலைக்கு வழி திறந்தது அவர்கள் கூடிக் கேட்டதால்தான். பாட்டிலில் கோடு போட்டுக் குடிக்கும் உத்தியால் அது வரவில்லை.

பழக்கம் பற்றிய ஆய்வுகளும் பயிற்சியாளர்கள் சொல்வதைச் சொல்லவில்லை. 21 நாளில் பழக்கம் உருவாகும் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அதன் மூலம் எது? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகம். அறுவைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆனதாக அவர் கவனித்தார். அவ்வளவுதான். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். அதைவிட முக்கியமானது, அந்த ஆய்வில் பழக்கம் எப்படி உருவாகிறது என்பது. தினமும் ஒரே சூழலில், ஒரே அடையாளத்தைத் தொட்டு அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அது படிகிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பது என்று வைத்துக்கொண்டால், காலைச் சாப்பாடு தினமும் ஒரே நேரத்தில் வர வேண்டும்.

ஒரு வாரம் பகல் ஷிப்டு, ஒரு வாரம் இரவு ஷிப்டு என்று மாறி மாறிப் போகும் ஒருவருக்கு அது எப்படி வரும்? பழக்கத்துக்கு முதலில் தேவை ஒழுங்கான ஒரு நாள். அந்த நாளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, பழக்கம் இல்லையே என்று அவரிடமே கேட்கிறோம்.

4. நோய் வந்தால் அது உன் வாழ்க்கைமுறையின் தவறு என்கிறார்கள். எந்த முறையை அவர் தேர்ந்தெடுத்தார்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பத்துக் கோடிப் பேரின் மன உறுதி ஒரே தலைமுறையில் ஒன்றாகக் கெட்டுவிட்டது என்று நம்ப முடியுமா?

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். 2016-இல் மட்டும் நீண்ட நேர வேலையால் விளைந்த சாவுகள் உலகம் முழுவதும் 7,45,000. இந்த 55 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் நம் தொழிலதிபர்கள் சொன்ன எண்களை வையுங்கள். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, 2023-இல். எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. இதே நாட்டில்தான் மாரடைப்பு வந்தவரிடம் போய் ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறோம்.

திருப்பூரில் என் சித்தி மகள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு விடுவார்கள். அதற்கு அங்கே ஒன்றரை ஷிப்டு என்று பெயர். ஆறு நாளுக்குக் கணக்குப் போட்டால் சாப்பாட்டு நேரம் போக 60 மணிக்கு மேல் வரும். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் உண்டு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. அவளுக்கு அந்த அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான் வருகிறது. நாற்பது வயதில் அவளுக்கு ரத்த அழுத்தம். வேகத்தைக் குறைத்துக்கொள் என்று அவளிடம் சொன்ன டாக்டர், எந்த வேகத்தைச் சொன்னார்?

மருந்தைத் தவறாமல் சாப்பிடுவதும் ஒரு பழக்கம்தான். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பாதியில் மாத்திரையை விட்டுவிடுவார்கள் என்று ஏழைகள் மேல் நெடுநாள் குற்றச்சாட்டு இருந்தது. மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. வாசலுக்கு வந்தது, சாப்பிட்டார்கள். அறிவுரை இதில் எங்கே இருக்கிறது?

5. கம்பெனிகள் ஏன் இந்தப் பேச்சை இவ்வளவு விரும்புகின்றன?

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அடுத்தடுத்து நான்கு பேர் மன அழுத்தம் தாங்காமல் வேலையை விட்டார்கள். நிர்வாகம் என்ன செய்தது? மன அமைதிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. எங்கள் விடுமுறை நாளான சனிக்கிழமையில், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. வருகைப் பதிவு கட்டாயம். கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவர். கண்ணை மூடியபடியே அழுதார். நான்கு பேர் செய்த வேலை எங்களுக்குள் பங்கிடப்பட்டிருந்தது. புதிதாக ஆள் எடுக்கும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை.

இது ஒரு அலுவலகத்தின் கதை என்று தள்ளிவிடலாம். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை வைத்து வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மன அமைதிப் பயிற்சி, மனத்திடப் பயிற்சி, தூக்கத்துக்கான செயலி போன்றவற்றில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டார். சேர்ந்தவர்கள் நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. பணியிடத்தையே மாற்ற வேண்டும், ஆளை மட்டும் திருத்தினால் போதாது என்பதுதான் அவர் சொல்வது.

பயிற்சி வகுப்பு மலிவு. ஆள் சேர்ப்பதும் வேலை நேரத்தைக் குறைப்பதும் செலவு. அதனால்தான் மலிவானதை மருந்தென்று கொடுக்கிறார்கள்.

6. முன்னோர் நிதானமாக வாழ்ந்தார்கள் என்பதைப் போல் என்னைக் கோபப்படுத்துவது எதுவும் இல்லை.

திண்ணையைக் காட்டுகிறார்கள். வெற்றிலைப் பெட்டியைக் காட்டுகிறார்கள். மதியத் தூக்கத்தையும் கிணற்றடிக் குளியலையும் காட்டுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தவர் யார்? ஊரில் எத்தனை பேருக்குத் திண்ணை வைத்த வீடு இருந்தது? எத்தனை பேர் அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாமல் இருந்தார்கள்? வந்தாலும் எத்தனை பேர் திண்ணைக்குக் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள்? அவர்களுக்கும் அது முன்னோர் காலம்தான். அறுப்புக் காலத்தில் இருட்டில் வயலில் இறங்கி இருட்டில் கரையேறியவர்களின் பேரப்பிள்ளைகளிடம், உங்கள் தாத்தா நிதானமாக வாழ்ந்தார் என்று சொல்வது அவர்களின் தாத்தாவுக்குச் செய்யும் அவமரியாதை.

திண்ணை இருந்த வீட்டிலும் உள்ளே போய்ப் பாருங்கள். நெல்லை உலக்கையால் குத்தியவர் யார்? ஆட்டுக்கல்லில் மாவும் அம்மியில் மசாலாவும் அரைத்தவர் யார்? என் அப்பத்தாவின் உள்ளங்கையில் உலக்கைக் காய்ப்பு கடைசிவரை இருந்தது. இட்லி என்பது அன்று தீபாவளிப் பலகாரம். ஏனென்றால் தினமும் அதற்கு மாவாட்ட எந்தப் பெண்ணாலும் முடியாது. அவளுக்கு முதன்முதலில் ஓய்வைக் கொடுத்தது ரைஸ் மில். அடுத்து மாவு மில், குழாய்த் தண்ணீர், கேஸ் அடுப்பு. 2011-இல் ரேஷன் அட்டைக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்று எழுதினார்கள். ஆட்டுக்கல் முன்னால் ஒரு மணி நேரம் குனிந்திருக்க வேண்டியவள் அந்த நேரம் காலை நீட்டி உட்கார்ந்தாள் என்றால், அது சோம்பலா? பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டி மற்றவர்கள் தேடுவதும் அதே ஒரு மணி நேரத்தைத்தானே!

காலை உணவுத் திட்டத்தையும் இந்தக் கணக்கில்தான் நான் பார்க்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிள்ளையின் பசி பற்றி நிறையப் பேசிவிட்டோம். விடியற்காலையில் காட்டு வேலைக்கோ மில் வேனுக்கோ ஓட வேண்டிய தாய்க்கு அந்தத் திட்டம் என்ன கொடுத்தது என்பதைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. பரபரப்பில்லாமல் தலை சீவிக்கொள்ள ஒரு காலை கிடைத்திருக்கிறது.

7. அப்படியானால் இரவில் இரண்டு மணி நேரம் போன் பார்க்கிறார்களே, அந்த நேரம் எங்கிருந்து வந்தது?

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இதுதான். தட்டிக்கழிக்க மாட்டேன். நேரம் இல்லை என்று சொல்பவர்கள் பதினோரு மணிக்குப் படுத்து ஒரு மணி வரை ரீல்ஸ் பார்ப்பது உண்மை. அது தூக்கத்தைக் கெடுப்பதும் உண்மை. செயலிகள் கண்ணை விடாமல் பிடித்துவைக்கும்படியே வடிவமைக்கப்படுவதும் உண்மை.

ஆனால் ஏன் அந்த நேரத்தில்? நாள் முழுக்க முதலாளிக்கும் பேருந்துக்கும் அடுப்புக்கும் பிள்ளைக்கும் போன பிறகு, யாரும் எதுவும் கேட்காத முதல் நேரம் அதுதான். தூங்கினால் அடுத்த நொடி விடிந்துவிடும், மறுபடி ஓட வேண்டும். தனக்கென்று ஒரு துண்டுப் பொழுதைத் தூக்கத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். சீனாவில் இதற்குப் 'பழிவாங்கும் விழிப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் வேலை என்ற முறை பரவிய நாட்டில் அந்தப் பெயர் பிறந்தது தற்செயல் அல்ல. அந்த வேலைமுறை சட்டவிரோதம் என்று சீன உச்ச நீதிமன்றமே 2021-இல் சொல்ல வேண்டி வந்தது.

இரவு பத்து மணிக்கு மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி வரும், பார்க்காவிட்டால் மறுநாள் கேள்வி வரும் என்ற நிலையில் போனை எங்கே தள்ளிவைப்பது? பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. போனை அணைப்பதற்கும் அங்கே சட்டம்தான் துணைக்கு வந்தது.

8. உன்னை மாற்று, உலகம் தானாக மாறும் என்பதை வரலாறு ஒப்புக்கொள்கிறதா?

சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்குப் பக்கத்தில், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்திச் சபை நடத்தினார்கள். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று பெயர். ஆலைத் தொழிலாளர்கள் அங்கே சொற்பொழிவு கேட்க வருவார்கள். திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். மனத்தை அமைதிப்படுத்தும் இடம்தான் அது. ஆனால் வந்தவர்கள் அமைதியாக உட்கார்ந்தபோது தங்கள் நாளைப் பற்றியே யோசித்தார்கள், ஒருவரோடொருவர் பேசினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. மென்று தின்ன நேரமில்லை! 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அதைத்தான் கருதுகிறார்கள்.

நின்று யோசிப்பதற்கு நான் எதிரி அல்ல என்று முதலிலேயே சொன்னேன். பெரம்பூரில் நடந்தது அதுதான். ஆனால் யோசித்தவர்கள் தங்கள் மூச்சோடு நின்றுவிடவில்லை. இந்தப் பொழுது ஏன் எனக்குச் சொந்தமாக இல்லை என்று கேட்கும்வரை போனார்கள். இன்று நமக்கு விற்கப்படும் நிதானத்தில் அந்தக் கேள்வி மட்டும் கவனமாக நீக்கப்பட்டிருக்கிறது.

1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டத்தை நடத்தினார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே நாளன்று திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாட்களில் எல்லோரும் கண்ணை மூடி மூச்சை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருந்தால், இன்று 12 மணி நேரம் சட்டமாகியிருக்கும்.

ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் அலுவலகத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ நிதானம் பற்றிப் பேச ஒருவர் வந்தால், மாலை எத்தனை மணிக்கு விடுவீர்கள், இரவில் செய்தி அனுப்பாமல் இருப்பீர்களா, காலியான இடத்துக்கு ஆள் எடுப்பீர்களா என்று அவரை அழைத்து வந்தவர்களிடம் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

கூடவே உங்கள் சமையலறைப் பக்கமும் திரும்பிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும் உங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொடுங்கள்.